ஒற்றைக் காலில் அறுபது வரை

தீ மணி அலறியது.

வெள்ளிக்கிழமை மதியம் பல்கலைக்கழகத்தில் எங்கள் துறையில் தீ மணி அலறினால் யாரும் பதறுவதில்லை. வாஃபிள் தீய்ந்துவிட்டது என்று அர்த்தம். வெள்ளிக்கிழமைதோறும் யாராவது ஒருவர் மாவு கரைத்து, மாடிச் சமையலறையில் வாஃபிள் சுட்டு எல்லோருக்கும் தர வேண்டும். அன்று என் சக ஆய்வாளன் ஸ்வெர்ரேயின் முறை.

"இந்த ஆள்கிட்ட மாவைக் குடுத்தா கரிதான் கிடைக்கும்னு போன தடவையே சொன்னேன்!" என்று கத்திக்கொண்டே அலுவலகப் பொறுப்பாளர் பியோர்க் அம்மாள் மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு எல்லோரையும் படிக்கட்டுப் பக்கம் விரட்டினார். "இங்வில்! லேப்டாப்பை வெச்சிட்டு வா. ஆளைக் காப்பாத்தினா போதும்!"

"இது ஆளை விட முக்கியம் பியோர்க்" என்று சொல்லி லேப்டாப்பைக் கம்பளிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு இறங்கினேன்.

வெளியே எங்கள் பெர்கன் நகரத்தின் ஓயாத மழை. சைக்கிள் நிறுத்தும் கொட்டகையின் கூரைக்குக் கீழே ஒதுங்கினோம். பாதிப் பேர் காலில் அறைச் செருப்பு. தீயணைப்பு ஆட்கள் வந்து பார்த்துவிட்டுச் சொல்லும் வரை உள்ளே போக முடியாது. நான் ஒரு சைக்கிள் இருக்கையின் மேல் லேப்டாப்பைத் திறந்து வைத்தேன்.

மாலை நான்கு மணிக்குள் ஒரு புத்தக முன்மொழிவு லண்டன் பதிப்பகம் ஒன்றுக்குப் போய்ச் சேர வேண்டும். மரபணுவும் சமூகமும் பற்றிய அவர்களுடைய நூல் வரிசையில் வருடத்துக்கு இரண்டு புத்தகம்தான் எடுப்பார்கள். எங்கள் புத்தகத்தின் பெயர் 'தெரிந்துகொள்ளாத உரிமை'. பரம்பரை நோய் உள்ள குடும்பங்களில் பரிசோதனையே வேண்டாம் என்று இருப்பவர்களைப் பற்றிய முன்பாதி என்னுடையது. பரிசோதனை செய்துகொண்டவர்களைப் பற்றிய பின்பாதி ஸ்வெர்ரேயினுடையது. பத்து வருடமாகப் பக்கத்துப் பக்கத்து அறை. யாருடைய பரிசோதனை முடிவும் புத்தகத்தில் வராது என்பது நாங்கள் முதல் நாளே போட்டுக்கொண்ட விதி.

படிவம் முழுக்க நிரப்பியாகிவிட்டது. எங்களுக்குள் ஒரே ஒரு சண்டைதான் வந்தது. 'முழுப் பிரதியை ஒப்படைக்கும் காலம்' என்ற இடத்தில் நான் நான்கு வருடம் என்று எழுதியிருந்தேன். ஏப்ரலில் ஸ்வெர்ரே அதை அடித்துவிட்டு இரண்டு என்று போட்டான். "சீக்கிரம் முடிப்போம்னு சொன்னாதான் அவங்களுக்குப் பிடிக்கும்" என்றான். சோம்பேறி என்று பெயர் எடுத்தவன் அவன். நான் சிரித்தேன், விட்டுவிட்டேன்.

மிச்சம் இருந்தவை, மாதிரிக்கு அனுப்ப வேண்டிய இரண்டு அத்தியாயங்கள். என்னுடைய முதல் அத்தியாயம் தயார். அவன் முன்பே அனுப்பிக் காட்டியிருந்த ஏழாம் அத்தியாயத்தைப் பற்றி அன்று காலை பதிப்பாசிரியை ஒரு வரி எழுதியிருந்தார்: 'இதில் அட்டவணைகள் அதிகம். மனிதர்கள் வருகிற அத்தியாயம் ஒன்று இருக்கிறதா?' ஸ்வெர்ரே அவசர அவசரமாக ஆறாம் அத்தியாயத்தை எங்கள் பொதுக் கோப்பில் போட்டுவிட்டு மாவு கரைக்கப் போனான். நான் அதை அதுவரை படித்ததில்லை. பேட்டி கொடுத்தவர்கள் அவனை நம்பிக் கொடுத்தது. பேரும் ஊரும் மாற்றி முடிக்கும் வரை நான் தொடக் கூடாது. அதுதான் எங்கள் வேலையின் முறை.

என் முதல் அத்தியாயம் இப்படித் தொடங்கியது: 'எங்கள் அம்மா இறந்த நோய் எங்களுக்கும் வருமா என்பது எனக்கும் தெரியாது, என் அக்காவுக்கும் தெரியாது. அது நாங்கள் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு.'

அக்கா என்றால் பதினோரு நிமிடத்து அக்கா. பள்ளியில் டீச்சராக இருக்கிற ஆஸ்னேயும் நானும் ஒரே கருவில் பிரிந்த இரட்டைச் சகோதரிகள். அம்மாவுக்கு ஹன்டிங்டன் நோய். முதலில் கை உதறும், பிறகு கால் தள்ளாடும், பிறகு ஆளே மாறிவிடுவார். அம்மாவின் சக்கர நாற்காலி அறை வாசலில் இடித்து இடித்து, கடைசியில் அப்பா கதவு நிலையையே ரம்பத்தால் அறுத்து அகலமாக்கினார். பிள்ளைகளுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தால் வருமா வராதா என்று இன்றைக்கே சொல்லிவிடுவார்கள். வரும் என்றால் அதற்கு மருந்து கிடையாது.

எங்கள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. எங்கள் இருவருக்கும் ஒரே மரபணு. அவள் ரத்தத்துக்கு என்ன முடிவோ அதுவேதான் என் ரத்தத்துக்கும். அதனால் பத்தொன்பதாவது வயதில், அம்மாவின் கட்டில் பக்கத்தில், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சொன்னோம். பார்க்க மாட்டோம். பார்த்தால் இரண்டு பேரும் சம்மதித்துத்தான் பார்ப்போம்.

அந்த வாக்கின் மேல் நான் பத்தொன்பது வருடம் வாழ்ந்திருக்கிறேன். ஒரு புத்தகத்தையும் கட்டியிருந்தேன்.

சைக்கிள் கொட்டகையில் நின்றபடி ஆறாம் அத்தியாயத்தைப் படிக்கத் தொடங்கினேன். மூன்றாவது பக்கத்தில் ஓலா வந்தான். ட்ரோம்சோ நகரத்துத் தச்சன், மீசைக்காரன். அவனுக்கு ஓர் இரட்டைத் தம்பி. தம்பிக்குத் தெரியாமல் ரத்தம் கொடுத்திருக்கிறான். ஸ்வெர்ரே நன்றாகத்தான் எழுதியிருந்தான். பாவம் அந்தத் தம்பி என்று நினைத்துக்கொண்டே பக்கத்தைத் தள்ளினேன்.

'ஒவ்வொரு பிறந்தநாள் காலையிலும் நானும் தம்பியும் சமையலறையில் ஒற்றைக் காலில் நிற்போம்' என்று ஓலா சொல்லியிருந்தான். 'அறுபது வரை எண்ணுவோம். முதலில் காலை ஊன்றுகிறவன் பாத்திரம் கழுவ வேண்டும். விளையாட்டு என்றுதான் சொல்லிக்கொள்வோம். டாக்டர் அம்மாவை அப்படி நிற்கச் சொன்னதை இருவருமே பார்த்திருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ள மாட்டோம். இந்த வருடம் முழங்கால் வலி என்று பொய் சொன்னேன். ரத்தம் கொடுத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. எனக்குத் தெரிந்ததை என் கால் அவனிடம் சொல்லிவிடுமோ என்று பயம்.'

இரண்டாவது முறை படிக்கத் தேவையே இல்லை. பிப்ரவரி ஒன்பதாம் தேதி, எங்கள் பிறந்தநாள் காலையில், என் சமையலறையில் நான் மட்டும் ஒற்றைக் காலில் நின்றேன். ஆஸ்னே நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டே எனக்காக எண்ணினாள். அறுபது வரை முழுசாக எண்ணினாள். அன்று பாத்திரத்தையும் அவளே கழுவினாள்.

அந்த விளையாட்டு அப்பாவுக்குக்கூடத் தெரியாது.

"எட்டு வாஃபிளைக் காப்பாத்திட்டேன்!"

ஸ்வெர்ரே மழையில் ஓடி வந்தான். இடுப்பில் பூப்போட்ட ஏப்ரன், கையில் மூடி போட்ட தட்டு. "ரெண்டு கொஞ்சம் கறுப்பு. அதை பியோர்க்குக்குக் குடுத்துடலாம். என்ன, அத்தியாயம் படிச்சியா? எப்படி இருக்கு?"

"ஓலா யாரு?"

"எந்த ஓலா?"

"உன் தச்சன். மீசைக்காரன்."

தட்டு ஒரு பக்கம் சாய்ந்தது. "அது... பேர் மாத்தின ஆள். யாருன்னு கேக்கக் கூடாதுன்னு உனக்கே தெரியும்."

"பேரை மாத்தின. ஊரை மாத்தின. டீச்சரைத் தச்சனாக்கின. பொம்பளைக்கு மீசை வெச்ச. காலை மட்டும் ஏன்டா மாத்தாம விட்ட?"

ஸ்வெர்ரே சுற்றிலும் பார்த்தான். பியோர்க் கொட்டகையின் மறுமுனையில் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். "மெதுவாப் பேசு" என்றான். "காலா? அந்த ஒத்தைக்கால் விளையாட்டா? எல்லாக் குடும்பத்துலயும் இந்த மாதிரி ஏதாவது ஒண்ணு இருக்கும்னு நினைச்சேன். ஒரு குடும்பத்துல டீக்கோப்பை நிறைய ஊத்திட்டு சிந்தாம நடந்து பார்ப்பாங்க..."

"இது எங்க குடும்பத்தோடது. எங்க ரெண்டு பேரோடது."

அவன் தட்டை ஒரு சைக்கிளின் பின் இருக்கையில் வைத்தான். மழையா வியர்வையா, முகம் முழுக்க ஈரம். "ஆஸ்பத்திரிக்காரங்கதான் ஆள் சேர்த்துக் குடுத்தாங்க. ஒரு நாள் கதவைத் திறந்தா உன் முகம் வந்து நிக்குது. நான் என்ன பண்றது? 'என் தங்கச்சிக்குத் தெரியக் கூடாது, அதுக்கு ஒத்துக்கிட்டா உள்ள வரேன்'னு வாசல்லயே கேட்டா. வாக்குக் குடுத்தேன்."

"எப்போ?"

"மார்ச்சுல."

ஏழு மாதம். இந்த ஏழு மாதத்தில் எத்தனை மதியம் எதிரெதிரே உட்கார்ந்து ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் தின்றிருப்போம்? என் முதல் அத்தியாயத்தின் முதல் வரியை அவன்தான் வாய்விட்டுப் படித்து, "அருமையான தொடக்கம்" என்றான். அது பொய் என்று தெரிந்துகொண்டே.

"அப்போ உனக்கு முடிவும் தெரியும்" என்றேன்.

அவன் ஏப்ரன் நுனியால் முகத்தைத் துடைத்தான்.

"என் ரத்தத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். தினம் என் முன்னாடி உக்காந்து ரொட்டி தின்ன."

"இங்வில், வாக்குக் குடுத்துட்டா..."

"யாருக்கு வாக்கு? என்கூட உக்காந்து எழுதறவனா நீ, இல்ல அவ ஆளா? அட, வெளியே சொல்ல முடியல, சரி. அந்தப் பேட்டியைப் புத்தகத்துல சேர்க்காம விட்டிருக்கலாமே? அந்த ஒரு பத்தியை எடுத்திருக்கலாமே?"

ஸ்வெர்ரே தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான், "புத்தகத்துலயே நல்ல பக்கம் அதுதான்."

அது உண்மை. எனக்கும் தெரிந்தது, அதனால் இன்னும் எரிந்தது.

ஏப்ரலில் அவன் அடித்துப் போட்ட 'இரண்டு வருடம்' அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மார்ச்சில் பேட்டி. ஏப்ரலில் இரண்டு வருடம். நான் அந்தக் கணக்கை அங்கேயே நிறுத்தினேன். பதிப்பகத்துக்குப் பிடிக்கும் என்றான், அவ்வளவுதான். வேறு எதையும் கூட்டிப் பார்க்கக் கூடாது. தெரியாமல் இருப்பது எனக்குப் பழகின வேலை.

லேப்டாப்பை மூடினேன்.

"எங்க போற? நாலு மணிக்கு அனுப்பணும்!"

"உன் ஓலாகிட்ட அனுமதி வாங்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினேன். "ஒரு வாஃபிளாவது எடுத்துட்டுப் போம்மா!" என்று பியோர்க் பின்னாலிருந்து கத்தினார். அவருக்கு எதுவும் தெரியாது. அந்தக் கொட்டகையில் எனக்குப் பிடித்த ஒரே மனுஷி அப்போது அவர்தான்.

டிராமில் நாற்பது நிமிடம். ஆஸ்னே தெற்கே, டிராம் தடத்தின் கடைசி நிறுத்தத்துக்கு அருகே வீடு மாறிக்கொண்டிருந்தாள். பதினைந்து வருடம் மலைச்சரிவில் இருந்தாள். சாலையிலிருந்து அவள் வாசலுக்கு நூற்றுப் பன்னிரண்டு படி. ஆகஸ்டில் திடீரென்று விற்றுவிட்டாள். "பனி வாரி வாரி முதுகு போச்சுடி" என்றாள். "முப்பத்தெட்டு வயசுல கிழவி மாதிரி பேசற" என்று நான் கிண்டல் செய்தேன். கொஞ்சம் பெட்டிகளோடு அவள் புது வீட்டுக்கு வந்துவிட்டாள்; மறுநாள் சனிக்கிழமை நண்பர்கள் எல்லோரும் வந்து மிச்சப் பெட்டிகளைத் தூக்குவதாக ஏற்பாடு. கூலி கிடையாது, முடிந்ததும் பீட்சா. நானும் வருவதாகச் சொல்லியிருந்தேன்.

அந்த வழி முழுக்க ஒன்றே ஒன்றைத்தான் மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனேன். திட்டு. அழு. கதவைக் கூட உடை. ஆனால் முடிவு என்ன என்று மட்டும் கேட்காதே. அவளையும் சொல்ல விடாதே. சொல்லிவிட்டால் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாத ஒரே பொருள் அது.

கதவைத் திறந்தபோது ஆஸ்னேயின் கையில் ஒட்டுநாடா. தலையில் கைக்குட்டை.

"நாளைக்குத்தானே வரச் சொன்னேன்? சும்மா வந்தியா, பெட்டி தூக்க வந்தியா?"

"ஒத்தைக் கால்ல நில்லு."

"என்னது?"

"நில்லுடி. அறுபது வரைக்கும். நான் எண்ணறேன்."

அவள் முகத்தில் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அது அப்படியே நின்றது. ஒட்டுநாடாவை மெதுவாக ஒரு பெட்டியின் மேல் வைத்தாள்.

"ஸ்வெர்ரே சொல்லிட்டானா?"

"சொல்லல. எழுதினான்."

"மடையன்" என்றாள். "இங்வில், நான்..."

"நிறுத்து! ஒரு வார்த்தை வரக் கூடாது. நல்லதோ கெட்டதோ, உன் வாயிலேருந்து வரக் கூடாது. முதல்ல அதுக்குச் சத்தியம் பண்ணு. அப்புறம்தான் மத்தது."

"சொல்ல மாட்டேன்."

"பத்தொன்பது வயசுலயும் இப்படித்தான் சொன்ன."

அவளுக்குச் சுருக்கென்றது. "பத்தொன்பது வயசுல சொன்னதுடி அது! அம்மா செத்துக்கிட்டிருந்தா, நமக்கு என்ன தெரியும்? எனக்கு முப்பத்தெட்டாச்சு. ஒரு சாவி கையிலேருந்து விழுந்தா அன்னிக்கு முழுக்க வேலை ஓடாது. வகுப்புல ஒரு பையன் பேரு மறந்துபோச்சு, கழிப்பறைக்குள்ள போய் அழுதேன். உன்னால தெரியாம இருக்க முடிஞ்சுது. நீ அதை வெச்சுப் புத்தகம் எழுதற. என்னால முடியல."

"முடியலன்னா என்கிட்ட வந்திருக்கணும்."

"வந்தா வேணாம்னு சொல்லியிருப்ப."

"ஆமா, சொல்லியிருப்பேன்! ஏன்னா நீ உன் ரத்தத்தை மட்டும் குடுக்கல, என்னோடதையும் சேர்த்துக் குடுத்த!"

"தெரியும். அதனாலதான் உன்கிட்ட சொல்லல."

"ஸ்வெர்ரேகிட்ட சொல்லத் தெரிஞ்சுது."

"யார்கிட்டயாவது சொல்லலேன்னா வெடிச்சிருப்பேன். எல்லாத்தையும் உன்கிட்டதான் சொல்லிப் பழக்கம். இது ஒண்ணைச் சொல்ல முடியல. அவனுக்குக் கேக்கறதுதானே வேலை? போய்ச் சொன்னேன்."

இதையெல்லாம் நான் அவளைப் பார்க்காமல், 'சமையலறை' என்று எழுதிய ஒரு பெட்டியைப் பார்த்துக்கொண்டு பேசினேன். அவள் முகத்தைப் பார்ப்பதும் கண்ணாடியைப் பார்ப்பதும் எனக்கு ஒன்றுதான். அதில் பயம் இருந்தாலும் நிம்மதி இருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். பிறந்ததிலிருந்து பார்த்து வந்த முகத்தை இனிமேல் பார்க்கப் பயப்பட வேண்டும். அவள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது அதைத்தான்.

போன் அதிர்ந்தது. ஸ்வெர்ரே எழுதியிருந்தான்: 'ஆறாம் அத்தியாயத்தை எடுத்துவிடட்டுமா? நீ சொல்வதைச் செய்கிறேன். மணி மூன்று நாற்பது.'

"குடு, பார்க்கறேன்" என்று ஆஸ்னே லேப்டாப்பை வாங்கிப் பெட்டியின் மேல் வைத்து, தரையில் உட்கார்ந்து படித்தாள்.

"எனக்கு மீசை வெச்சிருக்கான்!"

நான் போனில் மணியைப் பார்த்தேன்.

"நல்லாத்தான் எழுதியிருக்கான். அனுப்பு."

"உன் அனுமதி ஒரு பக்கம். அந்தத் தம்பியோட அனுமதி?"

"அதை நீதான் சொல்லணும்."

முதல் அத்தியாயத்தைத் திறந்தேன். முதல் இரண்டு வாக்கியங்களையும் அழித்தேன். அழித்த பிறகு அந்த அத்தியாயம் நடுவில் தொடங்குவது போல இருந்தது. இருக்கட்டும். பிறகு ஆறாம் அத்தியாயத்தில் அந்த ஒற்றைக்கால் பத்தியையும் எடுத்தேன். புத்தகத்தின் நல்ல பக்கம் போனால் போகட்டும், அது விற்பனைக்கு இல்லை. கடைசியாகப் படிவத்தைத் திறந்து, ஒப்படைக்கும் காலம் என்ற இடத்தில் ஸ்வெர்ரே போட்ட இரண்டை அடித்து நான்கு என்று எழுதினேன். நிதானமாக எழுதினேன். எனக்கு நான்கு வருடம் வேண்டும், யாரும் அவசரப்படுத்த முடியாது.

மூன்று ஐம்பத்தாறுக்கு அனுப்பினேன்.

"போச்சா?" என்றாள் ஆஸ்னே.

"போச்சு."

"என்கூடப் பேசுவியா?"

"தெரியாது."

"சரி. தெரியாம இருக்கறது உனக்குத்தான் பிடிக்குமே."

சிரிக்கக் கூடாது என்று நினைத்தும் மூச்சு ஒன்று சிரிப்பாக வெளியே வந்தது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள்.

"கையைக் கட்டிட்டு நிக்காத. வந்தது வந்த, அந்தப் புத்தகப் பெட்டி ரெண்டையும் உள்ள தூக்கி வை. நாளைக்கு வர்றவங்களுக்கு நடக்க இடம் வேணும்."

எடுத்தேன். கனமாக இருந்தது. கையில் ஏதாவது இருப்பது நல்லதுதான் என்று தோன்றியது. கோபம் அப்படியேதான் இருந்தது, ஆனால் நான் பயந்தது நடக்கவில்லை. அவள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. இன்றைக்குக் காலையில் எனக்கு என்ன தெரியாதோ அது இப்போதும் தெரியாது. அந்த அளவுக்கு நான் தப்பித்துவிட்டேன்.

முன்னறை முழுக்கப் பெட்டி. அவள் படுக்கையறையிலும் இடமில்லை. தாழ்வாரத்தின் கோடியில் இன்னோர் அறை காலியாக இருந்தது. பெரிய அறை. தோட்டத்துப் பக்கம் ஜன்னல், வாசற்படி இல்லாத வழவழப்பான தரை. இந்த வீட்டில் எங்கேயுமே படி இல்லை என்பதைப் பெட்டியோடு நடக்கும்போதுதான் கவனித்தேன். தனி ஆளுக்கு இத்தனை பெரிய இடம் எதற்கு என்று நினைத்தபடியே பெட்டியை அந்த அறை வாசலில் இறக்கினேன்.

கெட்டில் சத்தத்துக்கு மேல் ஆஸ்னேயின் குரல், எப்போதும் என்னை அதட்டுகிற அதே பதினோரு நிமிடத்து அக்கா குரல், சமையலறையிலிருந்து வந்தது.

"ஏய், அந்த ரூம்ல எதையும் வைக்காதடி! திங்கக்கிழமை கதவை அகலமாக்க ஆள் வராங்க, அது உன் ரூம்."